தொப்பிக்காரனின் குரல்

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு தேவினாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்று கேட்டாய்: “அம்மா, உங்களுக்கு அவளில என்ன பிழை தெரியுது?” நான் சட்டியை உரஞ்சிக்கொண்டு பேசாமல் நின்றேன். நீ “சரி, விடுங்கோ” என்று அறைக்குள் போய்விட்டாய். உங்கள் கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் அது சட்டி கழுவியபடி சொல்லக்கூடிய பதில் இல்லை. அது உன் அப்பாவில் தொடங்குகிறது. நான் பார்த்துக்கொண்ட ஒரு கிழவியின் வீட்டுக்குப் போய், எப்போதோ செத்துப்போன ஓர் அமெரிக்க நடிகனின் படங்கள் முழுவதையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் தேவினாவிடம் வந்து சேர்கிறது. பொறுமையாக வாசி.

நான் சந்தேகக்காரி. இதை நான் சொல்லி நீ அறிய வேண்டியதில்லை. பால் பெட்டியில் திகதி போட்டிருந்தாலும் மணந்து பார்க்காமல் ஊற்ற மாட்டேன். பலெர்மோவின் பல்லரோச் சந்தையில் மீன்காரன் செவுளைத் திறந்து காட்டினால், ஏன் தானாகக் காட்டுகிறான் என்று யோசிப்பேன். நீ பதினேழு வயதில் குளித்துக்கொண்டிருந்தபோது உன் போனை எடுத்துப் பார்த்ததையும் நீ அறிவாய். அதன் பிறகு ஒரு மாதம் நீ என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று நானே பலமுறை யோசித்திருக்கிறேன். மன்னாரில் ஆமிக்காரர் சென்ட்ரிக்குச் சென்ட்ரி பஸ்ஸை விட்டு இறக்கி ஏற்றிய காலத்தில் வந்திருக்கலாம். அல்லது இங்கே வந்த புதிதில், குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் என் பெர்மெஸ்ஸோ அனுமதிப் பத்திரத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாரே, அந்தப் பார்வையைப் பழகி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாம். எங்கிருந்து வந்தாலும் அதை உன் மேலும் அப்பா மேலும்தான் பாவித்தேன்.

உனக்கு எட்டு வயதிருக்கும். அப்பா அப்போது சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்தார். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் கையில் அந்தத் தோலின் மணம் இருக்கும், நகக்கண்ணில் மண் இருக்கும். ஒரு நாள் சோறு போடும்போது பார்த்தேன், மணம் இருந்தது, மண் இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான். நகங்கள் கலியாண வீட்டுக்குப் போகிறவனின் நகம் மாதிரி இருந்தன. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், “என்னப்பா, மண்ணைக் காணேல்லை?” என்று. நான் கேட்கவில்லை. உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் போனேன். எந்தப் பெண்ணின் வீட்டு மணியை அடிக்கிறார் என்று பார்க்கத்தான் போனேன்.

அவர் ஒரு வீட்டு மணியையும் அடிக்கவில்லை. கடற்கரைக்குப் போய், புல்லுக்குப் பக்கத்து வாங்கில் இருந்தார். நானும் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். மத்தியானம் வரை இருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு மண்டரினை எடுத்து உரித்துத் தின்றார். தின்று முடிந்ததும் தோலை எறியவில்லை. அதை இரண்டு உள்ளங்கையிலும் வைத்து, சவர்க்காரம் போடுகிறதுபோல நன்றாகத் தேய்த்தார். வேலை போனதை எனக்குச் சொல்ல வெட்கப்பட்டு, மணத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

நான் வீட்டுக்குத் திரும்பினேன். பஸ்ஸில் வரும்போது என் மனதில் இருந்தது என்ன தெரியுமா? நிம்மதி. வேறு ஒருத்தி இல்லை என்ற நிம்மதி. அந்த மனிதன் ஒரு நாள் முழுக்கத் தனியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாரே என்ற எண்ணம் அப்போது எனக்கு வரவே இல்லை. இரண்டு மாதம் கழித்து வேறு வேலை கிடைத்த பிறகு, “தோட்டத்தை விட்டிட்டன்” என்றார். “ஓமோ?” என்றேன். நான் அன்றைக்கு மரத்துக்குப் பின்னால் நின்றது இன்றுவரை அவருக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டாதே. அதை நானே சொல்ல வேண்டும்.

இனி அந்தக் கிழவியின் கதை; கலியாணமான பெண்களை இங்கே மரியாதையாகக் கூப்பிடுகிறதுபோல, சிஞ்ஞோரா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். நீ யூனிவர்சிட்டியில் கடைசி வருடம் படித்தபோது, நான் வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடி வீடொன்றில் தங்கி வேலை செய்தேனே, அந்த வீடு. அவருக்கு வயது தொண்ணூறைத் தொட்டிருந்தது. ஞாபகம் வந்து வந்து போகும். ஒரே மகள் லௌரா வடக்கே தோரினோவில் ஆசிரியை. முதல் நாள் அந்த மகள்தான் என்னிடம் சாவியைத் தந்துவிட்டு, வரவேற்பறையில் ஒரு லாச்சியை இழுத்துக் காட்டினார். உள்ளே முப்பத்தொரு டிவிடித் தட்டுகள், ஒவ்வொரு உறையிலும் ஒரே கையெழுத்தில் படத்தின் பெயரும் வருடமும். “பின்னேரக் கோப்பி குடிச்ச பிறகு ஒவ்வொரு நாளும் ஒண்டு போடுங்கோ. வரிசையாப் போடுங்கோ. இதுதான் அம்மாவுக்கு மருந்து” என்றார். அவருக்கு ரயிலுக்கு நேரமாகியிருந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருக்க வேண்டும்.

எல்லாம் ஒரே நடிகனின் படங்கள். அமெரிக்கன், ஒரு காலத்தில் உலகமே தெரிந்த கதாநாயகனாம். அவனுடைய பெயரை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. முக்கால்வாசிப் படங்களில் தொப்பி போட்டுக்கொண்டு வருவான், அதனால் நான் தொப்பிக்காரன் என்றே வைத்துக்கொண்டேன். நீண்ட முகம், ஒரு புருவம் மற்றதைவிட உயரம். சிகரெட்டை வாயில் வைத்தபடியே பெண்களைப் பார்த்துக் கதைப்பான். குரல் மட்டும் முகத்துக்குச் சம்பந்தமில்லாத மென்மை. குளிருக்கு உடம்பில் சுற்றிய கம்பளிபோல இருக்கும்.

முதல் கிழமையே எனக்குள் சந்தேகம் விழுந்துவிட்டது. அவன் திரையில் கதைக்கத் தொடங்கினால் சிஞ்ஞோரா கண்ணை மூடிக்கொள்வார். மற்றவர்கள் கதைத்தால் திறப்பார். அவன் திரும்பக் கதைத்தால் மறுபடி மூடுவார், முகம் சிவக்கும். அவன் படத்திலே யாரோ ஒருத்திக்கு, பின்னேரம் வருகிறேன் என்று சொன்னால், இவர் கதிரையிலிருந்து “பிந்தாதையும்” என்பார். அவன் ஒருத்தியை முத்தமிடப் போனால் கதிரைக் கையில் பட்டென்று அடிப்பார். நான் நடுவில் எழும்பி நடந்தால் “ஸ்ஸ்” என்பார். சுவரிலே அவருடைய செத்துப்போன புருஷனின் படம் தொங்கியது. வழுக்கைத் தலை, குட்டையான மனிதர், பெரிய காது. அந்த மனிதருக்கு முன்னாலேயே இப்படி நடக்கிறதே என்று எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். தூசி தட்டும்போது அவருடைய படத்தை மட்டும் இரண்டு தரம் துடைப்பேன்.

பிறகு சாட்சி கிடைத்தது. அப்படித்தான் நினைத்தேன். அவருடைய செபப் புத்தகத்தை எடுக்கும்போது ஒரு பழைய புகைப்படம் விழுந்தது. ரோமாபுரியில் ஏதோ ஒரு கட்டட வாசல். முப்பது வயது சிஞ்ஞோரா, இறுக்கமான உடுப்பு, முழுச் சிரிப்பு. அவருடைய தோளில் கை போட்டபடி நிற்கிறான் தொப்பிக்காரன், அசல் ஆள். புருஷனைக் காணவில்லை. நான் அந்தப் படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். அவனுடைய விரல்கள் எங்கே இருக்கின்றன என்றுகூடப் பார்த்தேன். படத்தை எடுத்தவர் யார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

லாச்சியிலிருந்த உறைகளின் கையெழுத்து யாருடையது என்று பார்த்தேன். மின்சாரப் பில்கள் இருந்த கோப்பில் அதே கையெழுத்து இருந்தது. புருஷனுடையது. உனக்கு இப்போது விளங்கியிருக்கும், கொஞ்சம் நிதானமான யாருக்கும் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கியது இதுதான்: பாவம், இந்த மனிதர் எல்லாம் தெரிந்தும், மனைவிக்காகத் தன் கையாலேயே அவளுடைய காதலனின் படங்களைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். சந்தேகத்துக்கு ஒரு பசி இருக்கிறது, மகன். எதிரான சாட்சியைப் போட்டாலும் அதையும் தின்று கொழுக்கும்.

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. கோவிலில்கூடச் சொல்லவில்லை. ஆனால் சிஞ்ஞோராவைத் தொடும் என் கை மாறிப்போனது. தலை வாரும்போது, உடுப்பு மாற்றும்போது, இந்த உடம்பைத்தானே என்று ஓர் எண்ணம் ஓடும். நம் வீட்டுக்கு வரும் நாளில் உன் அப்பா ஏதாவது பகிடி சொன்னால்கூட, இந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன என்று பார்ப்பேன். வியாழன் பின்னேரமும் ஞாயிறு காலையும் நான் வெளியே போகும்போது மேல்மாடிக் கிழவி ஒருவர் வந்து துணைக்கு இருப்பார். ஒருநாள் அவரிடம் மெல்ல, “இந்த நடிகரை சிஞ்ஞோராவுக்குத் தெரியுமோ?” என்று கேட்டேன். அவருக்குக் காது கேட்காது. “ஓம் ஓம், பெரிய அமெரிக்க நடிகர்” என்று கத்திச் சொல்லிவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தார். எனக்கு அதுவும் ஓர் ஒப்புதலாகப் பட்டது.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு சிஞ்ஞோரா வீட்டுக்கு வந்தேன். தவக்காலத்திலாவது இந்த வீட்டில் இந்தப் பாவம் நடக்கக்கூடாது என்று முடிவெடுத்தேன். முப்பத்தொரு தட்டுகளையும் ஒரு பையில் போட்டு, என் அறை அலுமாரிக்கு மேலே, சூட்கேசுக்குப் பின்னால் ஒளித்தேன். பின்னேரம் கோப்பி குடித்துவிட்டு சிஞ்ஞோரா கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினார். ஒரு சத்தமும் வரவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“மெஷின் உடைஞ்சு போச்சு, சிஞ்ஞோரா” என்றேன்.

“எப்ப திருத்துவினம்?”

“திருத்துவினம்.”

முதல் கிழமை ஒவ்வொரு நாளும் கேட்டார். இரண்டாம் கிழமை கேட்கவில்லை, கறுத்த திரைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு சாப்பாடு குறைந்தது. படிக்கட்டில் யாராவது ஏறிவந்தால் எழும்பி வாசலுக்குப் போவார். கதவைத் திறக்கச் சொல்வார், திறந்தால் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்புவார். ஒருநாள் நல்ல உடுப்பை எடுத்துத் தரச் சொல்லி உடுத்துக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று அழுதார். டொக்டர் வந்து, வயது, நாள் போகப் போக இப்படித்தான் என்றார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். கெட்ட பழக்கம் ஒன்று விட்டுப்போகும்போது உடம்பு இப்படி ஆட்டத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொன்னேன். லௌரா ஞாயிறுதோறும் போனில் கேட்பார், “அம்மா படம் பார்க்கிறாவோ?” நான் “ஓம், ஓம், பார்க்கிறா” என்பேன். தவக்காலத்தில், மகன், ஒவ்வொரு ஞாயிறும், பூசை கண்டுவிட்டு வந்து.

பெரிய வியாழன் காலை லௌரா வந்து இறங்கினார். தாயைப் பார்த்ததும் அவருடைய முகம் வெளுத்தது. ஆறு கிழமையில் சிஞ்ஞோரா பாதியாகிப் போயிருந்தார். மகளை அடையாளம் தெரிந்தது, ஆனால் மகளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். லௌரா பையை வைத்துவிட்டு, தாயைக் கதிரையில் இருத்தி, போர்வையை இழுத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

“ஏன் அப்பாவைப் போடேல்லை?”

எனக்கு விளங்கவில்லை. சுவரிலிருந்த படத்தைப் பார்த்தேன். அது தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

“அப்பா அங்கைதானே இருக்கிறார்” என்றேன்.

“படத்தைச் சொல்லேல்லை. அப்பாவை. அப்பாட குரலை.” அவர் தொலைக்காட்சியைக் காட்டினார். “அந்த நடிகருக்கு இத்தாலியில குரல் குடுத்தது எங்கட அப்பாதானே. முதல் படத்தில இருந்து கடைசிப் படம் வரைக்கும். உங்களுக்கு நான் சொல்லேல்லையோ?”

மகன், மன்னாரில் தெலுங்கு நடிகர்கள் தமிழில் கதைப்பதைப் பார்த்து, வாய் ஒரு பக்கம் போகுது, கதை ஒரு பக்கம் போகுது என்று சிரித்தவள் நான். டப்பிங் என்றால் என்ன என்று தெரியாதவள் இல்லை. ஆனால் எட்டு மாதமாக ஓர் அமெரிக்கன் அந்த வீட்டில் தினமும் சுத்தமான இத்தாலிய மொழியில் கதைத்துக்கொண்டிருந்தான், அவனுக்கு இந்த மொழி எப்படித் தெரியும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. பாலை, மீனை, புருஷனை, பிள்ளையை, தொண்ணூறு வயதுக் கிழவியை, எல்லாரையும் சந்தேகப்பட்டேன். அந்த வீட்டில் உண்மையிலேயே பொய்யாக இருந்தது அந்த ஒரு வாய்தான். அதை மட்டும் நம்பினேன்.

“மெஷின் பழுதாப் போச்சு” என்றது என் வாய், பழக்கத்தில். லௌரா எழும்பிப் போய் மெஷினின் பொத்தானை அமத்தினார். விளக்கு எரிந்தது. லாச்சியை இழுத்தார். வெறும் லாச்சி. திரும்பி என்னைப் பார்த்தார். குவெஸ்தூராக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரின் அதே பார்வை. அப்போது நான் சொல்லியிருக்கக்கூடிய பொய்கள் நாலைந்து எனக்கு முன்னால் வரிசையாக நின்றன. படி துடைக்க வருகிறவள், தண்ணீர்க்குழாய் திருத்த வந்தவன், சிஞ்ஞோராவே எறிந்துவிட்டார் என்று எதையும் சொல்லலாம். ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. சிஞ்ஞோரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அதனாலாக இருக்கலாம். அறைக்குப் போய்ப் பையை எடுத்துவந்து லௌராவின் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், செபப் புத்தகத்துப் புகைப்படம் வரைக்கும்.

லௌரா முதலில் சிரித்தார். நிலத்தில் இருந்து, பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “ஆறு கிழமை” என்றார். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

கையில் அகப்பட்ட ஒரு தட்டைப் போட்டார். ஏதோ ஒரு துப்பறியும் படம், மழை, தெருவிளக்கு. தொப்பிக்காரன் ஒரு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, நனைந்த தொப்பியை உதறி, யாரோ ஒருத்தியிடம் மாலை வணக்கம் சொன்னான். சிஞ்ஞோராவின் கண் மூடியது. நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், சந்தோஷம் வரும் என்று. வரவில்லை. கண்ணைத் திறக்காமலே, சின்னக் குரலில், ஒரு பெண் தன் புருஷனிடம் மட்டும் கேட்கும் குரலில் கேட்டார்:

“இவ்வளவு நாளும் எங்கை இருந்தனீர்? ஆரோட இருந்தனீர்?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஆறு கிழமையும் அவர் வாசலைப் பார்த்தது, நல்ல உடுப்பை உடுத்தது, கண்ணாடிக்கு முன்னால் அழுதது எல்லாம் அதுதான். புருஷன் வேறு ஒருத்தியிடம் போய்விட்டார் என்று நினைத்திருக்கிறார். நான் என் நோயை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, அந்தக் கிழவிக்குக் கரண்டியால் ஊட்டியிருக்கிறேன்.

லௌரா என்னை வேலையிலிருந்து அனுப்பவில்லை. “பாஸ்காப் பெருநாள் முடியும் வரைக்கும் யோசிக்கிறன்” என்றார். அந்த நான்கு நாளும் விடிந்ததிலிருந்து சாமம் வரை படங்களை முதலிலிருந்து வரிசையாக, சிலதை ஓட்டி ஓட்டிப் போட்டோம், மூன்று பேருமாக இருந்து பார்த்தோம். பார்க்கப் பார்க்க லௌரா சொன்னார். அப்போதுதான் தொப்பிக்காரனின் கதையும் அந்தப் பெரிய காது மனிதரின் கதையும் எனக்கு ஒரே கதையாகத் தெரிய வந்தது.

முதல் படத்தில் தொப்பிக்காரன் ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு மூன்று வசனம் சொல்லுவான், அவ்வளவுதான். அவனை அங்கே ஒருவருக்கும் தெரியாது. பலெர்மோவிலிருந்து ரோமாபுரிக்குப் போய், தன் சிசிலியப் பேச்சை நாக்கிலிருந்து கழுவிக்கொண்டிருந்த ஓர் இளைஞனையும் அங்கே ஒருவருக்கும் தெரியாது. பெரிய குரல்கள் எல்லாம் பெரிய நடிகர்களுக்குப் போக, இந்த மூன்று வசனம் இவருக்கு வந்தது. பிறகு அங்கே அவன் ஏற, இங்கே இவரும் ஏறினார். பத்திரிகைக்காரனாக வந்தான், துப்பறிகிறவனாக வந்தான், போர்க் கப்பல் கப்டனாக வந்தான். பிறகு நாய்க்குட்டியைத் துரத்திக்கொண்டு விழுந்தெழும்பும் சிரிப்புப் படங்கள், அதன் பிறகு காதல் படங்கள். இத்தாலி முழுக்கப் பெண்கள் அவனுடைய முகத்துக்கும் இவருடைய குரலுக்கும் சேர்த்து உருகினார்கள். முகத்துக்குக் கடிதம் வந்தது. குரலுக்கு ஒன்றும் வரவில்லை. பாண் கடையில் இவர் வாய் திறந்தால் மட்டும் வரிசையில் நின்றவர்கள் திரும்பி, இந்த வழுக்கைத் தலையைப் பார்த்து ஏமாந்துபோவார்களாம்.

“அம்மாவுக்கு அப்பாவில பயங்கரச் சந்தேகம்” என்றார் லௌரா. அங்கே டப்பிங் அறையில், கதாநாயகிக்குக் குரல் கொடுக்கும் பெண்ணும் இவரும் ஒரே ஒலிவாங்கிக்கு முன்னால் தோளோடு தோள் நின்று காதல் வசனம் பேச வேண்டும். முத்தக் காட்சி உள்ள நாளெல்லாம் சிஞ்ஞோரா போய் மூலையில் கதிரை போட்டு இருந்துவிடுவாராம். அப்படியொரு நாள்தான் அமெரிக்கன் வந்தான். தன் படத்தை விளம்பரம் செய்ய ரோமாபுரிக்கு வந்தவன், தனக்கு இங்கே யார் பேசுகிறார் என்று பார்க்க ஆசைப்பட்டிருக்கிறான். கப்டன் தன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி. அவன் தலையைக் குனிந்தபடி முழுவதையும் கேட்டான். பிறகு மொழிபெயர்ப்பாளரிடம், “இந்த மனுசன் என்னைவிட நல்லா மன்னிப்புக் கேக்கிறாரே, எப்பிடி?” என்று கேட்கச் சொன்னான். லௌராவின் அப்பா மூலையில் இருந்த மனைவியைக் காட்டி, “எனக்குப் பழக்கம் இருக்கு” என்றாராம். அமெரிக்கன் விழுந்து விழுந்து சிரித்து, வாசலுக்கு வந்ததும் சிஞ்ஞோராவின் தோளில் கை போட்டு நின்றான். படத்தை எடுத்தவர் புருஷன்.

கடைசிப் பத்துப் படங்களைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. தொப்பிக்காரனின் முகம் ஊதிப்போனது. நீதவான், கதாநாயகியின் தகப்பன், பிறகு இத்தாலியிலேயே எடுத்த மலிவான குதிரைப் படங்களில் சுடப்பட்டுச் சாகும் கிழவன். குடியால் நாக்குத் தடித்து, அவன் சொல்லும் வசனம் அவனுடைய நாட்டுச் சனத்துக்கே விளங்காமல் போயிற்றாம். பத்திரிகைகள் சிரித்தன. இத்தாலியில் மட்டும் அது ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் இங்கே அவன் கடைசிவரை தெளிவாகக் கதைத்தான். “அப்பா அவரை ஒரு நாளும் குடிக்க விடேல்லை” என்றார் லௌரா. அவன் செத்த பிறகு இவருக்கும் வேலை வரவில்லை. இந்தக் குரலை வேறு முகத்தில் கேட்க ஒருவருக்கும் விருப்பமில்லை. இரண்டு பேரும் பலெர்மோவுக்குத் திரும்பினார்கள். மிச்ச வருடங்கள் முழுவதும் அந்தக் குரல் சிஞ்ஞோராவோடு மட்டும் கதைத்தது. அவர் சந்தேகமே இல்லாமல் வாழ்ந்த காலம் அதுதானாம்.

பாஸ்கா திங்கள் லௌரா வெளிக்கிடும்போது சாவியைத் திரும்ப என் கையில் தந்தார். “ஒரு நாளும் விடாமல் போடுங்கோ” என்றார். போட்டேன். சிஞ்ஞோரா ஐப்பசியில் கண்ணை மூடும்வரை போட்டேன். அவரோடு சேர்ந்து நானும் கண்ணை மூடிக் கேட்கப் பழகினேன். ஆனால் அந்தக் கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை. நடுவில் ஏதாவது ஒரு பின்னேரம், “அந்த ஆறு கிழமையும் எங்கை இருந்தனீர்?” என்று மெல்லக் கேட்பார். எல்லாவற்றையும் மறந்தவருக்கு அது மட்டும் மறக்கவில்லை. திரையிலிருந்த குரலால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. நான் முழங்காலில் இருந்து, அவருடைய கையைப் பிடித்து, “நான்தான் ஒளிச்சு வைச்சனான், சிஞ்ஞோரா, அவர் எங்கையும் போகேல்லை” என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒரு தரம் என் தலையைத் தடவினார். விளங்கித் தடவினாரோ, விளங்காமல் தடவினாரோ தெரியாது.

இதற்குப் பிறகு நான் திருந்தியிருக்க வேண்டும், இல்லையா? இப்போது தேவினாவுக்கு வருகிறேன். நீ அவளைக் கூட்டிவந்த நாளிலிருந்து நான் செய்தவற்றை எழுதுகிறேன். மொரீசியஸ்காரர், தமிழ் வம்சம் என்கிறார்கள், தமிழ் ஒரு சொல் தெரியாது, கோவிலும் வேறு. அவளைப் பற்றி எங்கள் பங்குக் கோவிலில் இரண்டு பேரிடம் விசாரித்தேன். இரண்டு பேரும் நல்ல பிள்ளை என்றார்கள். ஏன் இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள் என்று யோசித்தேன். போன மாதம் அவள் கை கழுவப் போன நேரம் அவளுடைய பையைத் திறந்தேன். ஓம், திறந்தேன். உள்ளே ஒரு சின்னக் கொப்பி இருந்தது. இத்தாலிய எழுத்தில் தமிழ்ச் சொற்கள் எழுதியிருந்தாள்: சாப்பிட்டீங்களோ, சுகமோ, போட்டு வாறன். பார்த்ததும் என் மனம் குளிர்ந்திருக்க வேண்டும். எனக்கு வந்த எண்ணம், என்னை மயக்கப் படிக்கிறாள் என்பது. போன ஞாயிறு, நீ கடைக்குப் போயிருந்தபோது, அவள் பால்கனியில் நின்று தாயோடு போனில் அவர்களுடைய கிரெயோல் மொழியில் கதைத்தாள். கதைக்கும்போது கண்ணாடிக்கு உள்ளே நின்ற என்னைப் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் நீ வந்து கேட்டபோது நான் சட்டியில் வைத்து உரஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: அவளில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. தெரியாததுதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. உனக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு புத்திதான் இருக்கிறது. உன் மனைவியில் உனக்கு ஒரு நாள் சந்தேகம் வரும். என் வயிற்றில் பிறந்தவனுக்கு வராமல் இருக்காது. வந்தால் அவளுக்குப் பின்னால் பஸ் ஏறாதே. பையைத் திறக்காதே. தட்டுகளை ஒளிக்காதே. முன்னால் போய் நின்று கேள். கேட்கிற வெட்கம் ஒரு நிமிடம். கேட்காமல் விட்ட வெட்கம் எவ்வளவு காலம் என்று நான் இந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.

நானும் கேட்டேன், மகன். நேற்றுப் பின்னேரம், நீ வேலையில் இருந்தபோது, தேவினாவுக்கு போன் எடுத்தேன். அவள் பயந்துபோனாள். “சிஞ்ஞோரா? ஏதும் நடந்ததோ?” என்றாள். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். என் இத்தாலிய மொழி தடுமாறியது. நான் உன்னுடைய பையைத் திறந்து பார்த்தேன், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். பிறகு கேட்டேன்: “ஞாயிற்றுக்கிழமை பால்கனியில நிண்டு என்னைப் பார்த்துச் சிரிச்சனி. அம்மாட்டை என்னைப் பற்றி என்ன சொன்னனி?”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பொய் தேடுகிறாளோ என்று என் பழைய குணம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. பிறகு சொன்னாள்:

“அந்தச் சிஞ்ஞோரா எப்பவும், நான் அவட மகனைக் களவெடுக்க வந்திருக்கிறன் எண்ட மாதிரியே பாக்கிறா எண்டு சொன்னன். அதுக்கு அம்மா கேட்டா, ‘ஏன், அதுக்குத்தானே போயிருக்கிறாய்?’ எண்டு. நான் ‘ஓம்’ எண்டன். அதுக்குத்தான் சிரிச்சனான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்தப் பக்கம் அவளும் தொடங்கிவிட்டாள். உள்ளே படுத்திருந்த உன் அப்பா எழும்பி வந்து, என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்து, “ஆரோட இப்பிடிச் சிரிக்கிறாய்?” என்று சந்தேகத்தோடு கேட்டார்.

என் வாழ்நாள் முழுக்கப் பட்ட சந்தேகங்களில், மகன், சரியாக வந்தது அவள் சொன்ன அந்தக் களவு ஒன்றுதான்.

அம்மா